பூஜையில் வைத்த கட்டில் கால்

சரஸ்வதி பூஜை வந்தால் எனக்கு இன்னும் வயிறு எரியும். சாமி மேல் கோபமில்லை. என் வீட்டுக்காரர் மேல்.

கல்யாணத்துக்கு முன்னால் அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் சி.என்.சி. லேத் ஓட்டினேன். டிப்ளமோ மெக்கானிக்கல். மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விடச் சொன்னார்கள், விட்டேன். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, திரும்ப வேலைக்குப் போ என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. வெறுத்துப் போய், ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் பின்னறையில் ஒரு சின்ன சி.என்.சி. ரவுட்டர் வாங்கிப் போட்டேன். பலகையைப் படுக்க வைத்தால் கம்ப்யூட்டர் சொன்னபடி பூ செதுக்கும், பெயர் செதுக்கும். "உன் பொம்மை ரொம்பச் சத்தம் போடுது" என்பார் இவர். ஆபீஸில் ஃபைலை மேஜைக்கு மேஜை நகர்த்துகிற மனிதருக்கு அது பொம்மை!

எனக்குப் பலகையோடு நிற்க மனமில்லை. உருண்டைக் கட்டையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினால்தானே எல்லாப் பக்கமும் செதுக்க முடியும்? அதற்கு ரோட்டரி என்று ஒன்று வேண்டும். நானே செய்தேன். பழைய இரும்புக் கடையில் ஒரு லேத் சக் கிடைத்தது. அந்த இரும்புப் பிடி கட்டையின் ஒரு முனையைக் கவ்வும். மறுமுனையை ஒரு கூர்முனை தாங்கும். மோட்டார் பெல்ட் வழியாக அந்தப் பிடியைச் சுழற்றும். எழுதும்போது என்னவோ லேசாகத்தான் இருக்கிறது. முதலில் சக் ஆடியது. அதைச் சரிசெய்தால் பெல்ட் நழுவியது. பெல்ட்டை இழுத்துக் கட்டினால், கட்டையைச் சுற்றிச் செதுக்கிய கொடியின் வால் தலையைத் தொடாமல் இடைவெளி விட்டு நின்றது. எவ்வளவு திரும்பினால் ஒரு முழுச் சுற்று என்று மிஷினுக்கு நான் தப்பாகச் சொல்லியிருந்தேன். திருத்தியதும் வாலும் தலையும் ஒட்டிக்கொண்டன. அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் முணுமுணுத்தது ஒன்றும் காதில் ஏறவில்லை.

அரியமங்கலத்தில் கட்டில் செய்கிற பட்டறைக்காரர் ஒருவர், பழைய பழக்கம், கேள்விப்பட்டுப் போன் செய்தார். "விஜயதசமி அன்னைக்குக் காலையில வரேம்மா. என் கண்ணு முன்னாடி ஒரு கால் செதுக்கிக் காட்டுங்க. நல்லா வந்தா எங்க கட்டில் கால் வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்."

மறுபடி எனக்கென்று ஒரு வேலை. வீட்டுக்குள்ளேதான், இருந்தாலும் என்னுடைய வேலை. போனை வைத்துவிட்டு அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை.

பட்டறைக்காரரை ரொம்ப நேரம் காக்க வைக்கக் கூடாதே என்று, காலின் முரட்டு உருவத்தை முன்கூட்டியே செதுக்கிச் சக்கிலேயே விட்டுவைத்தேன். தாமரை இதழ்கள் புடைத்து நின்றன. அவற்றின் மேல் நரம்பு கீறும் நுணுக்க வேலை மட்டும் பாக்கி. கட்டை கொஞ்சம் திரும்பினாலும் கீறல் வேறு இடத்தில் விழும். அதனால் முந்தின நாள் பூஜைக்கு இவரிடம் தெளிவாகச் சொன்னேன்: "மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைங்க. கட்டையை மட்டும் தொடாதீங்க."

"சரி சரி" என்றார்.

சொன்ன நாளில் பட்டறைக்காரர் வந்தார். உட்கார வைத்துக் காபி கொடுத்து, மிஷினை ஓட விட்டேன். செதுக்கும் பிட் இறங்கி ஒரு இதழின் விளிம்பைக் கடித்தது. அடுத்த இதழைக் குறுக்கே அறுத்தது. நான் ஸ்விட்சுக்குப் பாய்வதற்குள் தடித்த இடத்தில் முட்டி டக்கென்று ஒடிந்தது.

"கட்டையைத் தொட்டீங்களா?" என்று இவரிடம் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலையே. நேத்து நீ சுண்டல் தாளிச்சுக்கிட்டு இருந்தப்ப கழட்டி, புக்கோட சேர்த்து சாமிகிட்ட வெச்சேன். இன்னைக்குக் காலையில எடுத்து, இருந்த மாதிரியே இறுக்கிட்டேன்."

அடப்பாவி மனுஷா! இருந்த மாதிரியேவாம். கண்ணால் பார்த்து மாட்ட அது என்ன சுவர்க் கடிகாரமா?

என் வாய் திறப்பதற்குள் இவர் பட்டறைக்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பூஜையில வெச்சும் சரியா வரலைன்னா, இது இவளுக்கு அமையலைன்னு அர்த்தம் சார். விடுங்க, சும்மா பொழுதுபோக்குக்குச் செய்யறா." பட்டறைக்காரர் பொரி கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

விட்டேனா? புதுக் கட்டை, புது பிட், அறைக்குப் பூட்டு. இதழ் இதழாக, நரம்பு நரம்பாக, குறை சொல்ல இடமில்லாமல் வந்தது கால். வீடியோ எடுத்துப் பட்டறைக்காரருக்கு அனுப்பினேன். அவரே கூப்பிட்டார்.

"பார்த்தேம்மா. அருமையா இருக்கு. எங்க ஆளுங்களுக்கும் காட்டினேன். ஆனா தப்பா நினைக்காதீங்க. கட்டை உங்க வீட்ல இருக்கும். கேக்காம அதை எடுக்கிற கையும் அங்கதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் நான் பயந்துக்கிட்டு இருக்க முடியாதும்மா."

நியாயம்தான். நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

"போன்ல யாரு?" என்று ஹாலிலிருந்து இவர் கேட்டார்.

"கட்டில் பட்டறைக்காரர். வேலை கிடையாதுன்னுட்டார். உங்களாலதான்."

"நான் என்ன பண்ணேன்? உனக்கு நல்லது நடக்கணும்னுதானே சாமிகிட்ட வெச்சேன்!"

நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அந்த முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.