மாமனார் பெயருக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி

“ஆருங்க சொன்னாங்க? எங்க எழுதியிருக்குதுங்க?”

கத்தரிக்காய் இன்று காலையில் பறித்தது என்று சொல்லிவிட்ட தள்ளுவண்டிக்காரரிடம் அன்புசெல்வி கேட்ட கேள்வி இது. அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். செடியிடம் எழுதி வாங்கிக்கொண்டு காய் பறிக்கும் வழக்கம் எங்கள் வீதிக்கு இன்னும் வரவில்லை. அன்புசெல்வியைச் சந்திக்கும் எவருக்கும் முதலில் கிடைப்பது இந்த அதிர்ச்சிதான், கத்தரிக்காய் பிறகுதான்.

திருப்பூரில் மாமனார் நடத்தும் பனியன் கம்பெனியில் அவர் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. சாயம் போகாது என்று சொன்னால் போதாது, ரிப்போர்ட் வேண்டும். துணி சுருங்காது என்றால் அதற்கொரு ரிப்போர்ட். பருத்தி என்பது பருத்திதான் என்பதற்கும் ஒன்று. வருடக்கணக்காகக் காகிதம் காட்டிக் காட்டி, வாய் வார்த்தையை நம்பும் உறுப்பு மனைவிக்குத் தேய்ந்துவிட்டது என்பது கணவர் சசிகுமாரின் கருத்து. அந்தக் கருத்துக்கும் அவரிடம் ஆதாரம் கேட்கப்பட்டது.

இதுவரை மன்னித்துவிடலாம். மதியம் டிபன் பாக்ஸை மூடியதும் அவர் செய்யும் காரியத்தைத்தான் ஊர் மன்னிக்க மறுக்கிறது. ஃபோனை எடுத்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுகிறார். உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள், திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்கள், பனியன் துணி வகைகள் என்று நூற்றுக்கணக்கில் எழுதியாயிற்று. சம்பளம் இல்லை. கட்டுரைக்கு மேலே பெயரும் இல்லை. பட்டன் வைத்தால் பீஸுக்கு இவ்வளவு, நூல் பிசிறு வெட்டினால் பீஸுக்கு இவ்வளவு என்று உலகத்தைப் புரிந்துவைத்திருக்கும் ஊரில் இச்செய்தி கிளப்பிய பீதி, நூல் விலை ஏறியபோதுகூட ஏற்பட்டதில்லை.

“ஏஞ்சாமி, சும்மாவேவா எழுதற?” என்றார் மாமியார் மயிலாத்தாள், நெஞ்சில் கை வைத்து. “பஸ்ஸுக்காச்சும் குடுக்க மாட்டாங்களா?”

“உக்காந்த எடத்துல எழுதறதுக்கு எதுக்குங்கத்தை பஸ்சு?”

மாமனார் சாமியப்பன் மட்டும் பூரித்தார். காரணம் உண்டு. சேவூருக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய சொந்த ஊருக்கும் மருமகள் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம் என்று தெரிந்ததும், கம்பெனிக் கணக்கரை உட்காரவைத்து ஒரு வரி சேர்த்தார்: ‘தொழில் மேதை சாமியப்பன், இவ்வட்டாரத்திலிருந்து கடல் கடந்து பனியன் அனுப்பிய முதல் மனிதர்.’ சொந்தக்காரர்கள் இதைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் கேட்டு, சீர்களில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

அன்புசெல்வி ‘தொழில் மேதை’யை எடுத்தார். மிச்சத்துக்குப் பின்னால் ஓர் அடைப்புக்குறி போட்டு, உள்ளே எழுதினார்: [சான்று தேவை].

குன்னத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அது வெடித்தது. சாமியப்பனின் பங்காளி ராசப்பன் அதே பட்டத்தின்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருப்பவர். இலையில் பாயசம் விழும் நேரம் பார்த்து ஃபோனை உயர்த்தி வாசித்தார்: “கடல் கடந்து பனியன் அனுப்பிய முதல் மனிதர். சான்று தேவை!”

பாயச வாளி அந்தரத்தில் நின்றது.

“ஏனுங்ணா, பொட்டி அனுப்புனீங்களே, பில்லு கில்லு ஏதாச்சும் வெச்சிருக்கறீங்ளா?”

“எவன்டா போட்டது அத?”

ராசப்பன் ஆனந்தமாகத் திரையைத் தள்ளினார். “பேரே இருக்குதுங்ணா. உங்க ஊட்டு மருமகதானுங்.”

யார் எதை மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கம் ஒன்று ஒவ்வொரு கட்டுரைக்கும் உண்டு. அதைத் தேடித் திறந்து பார்த்த எங்கள் வட்டாரத்து முதல் மனிதர் ராசப்பன். இதற்குச் சான்று உண்டு; பந்தியே பார்த்தது.

சாமியப்பன் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்ற ஊட்டுல இருந்துட்டு என்னையவே சாட்சி கேக்கறயா அம்மிணி?”

“பையர் கேட்டா மட்டும் ரிப்போர்ட் குடுக்கறீங்க மாமா?”

“அவன் ஆர்டர் குடுக்கறான்!”

“படிக்கறவங்களும் பையர்தானுங்க.”

“அப்ப நீயே ஒரு ரிப்போர்ட் எழுதிரு.”

“நம்மூட்டு ஆளப்பத்தி நாமளே எழுதக்கூடாதுங்க. பத்திரிகையிலயோ புஸ்தகத்துலயோ வேற ஆராச்சும் எழுதியிருக்கோணும்.”

தீர்ப்பு அங்கேயே வழங்கப்பட்டது. ஒன்று அடைப்புக்குறி போக வேண்டும். இல்லாவிட்டால் மருமகள் விக்கிப்பீடியாவை விட்டுவிட வேண்டும். பத்திரிகையில் வந்தால் எடுத்துவிடுவதாகவும், அதுவரை ஒரு வரிகூட எழுதுவதில்லை என்றும் அன்புசெல்வி ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து மதிய நேரங்களில் ஃபோன் டிபன் பாக்ஸ் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. நொய்யல் தடுப்பணைகள் பற்றிய கட்டுரை பாதி வாக்கியத்தில் நின்றது. அவர் ஊறுகாயை வெறித்துப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

திருப்பூர்க்காரர் ஒரு பொருள் கடையில் கிடைக்காவிட்டால் அதைத் தைத்துவிடுவார். சாமியப்பன் தமக்கு ஒரு பாராட்டு விழா தைத்துக்கொண்டார். மேடை, ஆளுயர மாலை, ஃப்ளெக்ஸ், பிரியாணி, நிருபர். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. அவர் படத்தை மட்டும் பார்த்தார். மாலைக்குள் முகம் தெளிவாகவே இருந்தது. உடனே அந்தச் செய்திக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பையர்கள் வந்து உட்காரும் வரவேற்பறையில் மாட்டிவிட்டு மருமகளைக் கூப்பிட்டார்.

“இந்தா அம்மிணி, சான்று. இப்ப எடு.”

அன்புசெல்வி கிட்டே போய்ப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“மாமா, நீங்களே ஒருக்கா வாய்விட்டுப் படிங்க.”

சாமியப்பன் தொண்டையைக் கனைத்தார். சசிகுமார், கணக்கர், கட்டிங் மாஸ்டர் எல்லோரும் கூடிவிட்டார்கள். “கடல் கடந்து பனியன் அனுப்பிய முதல் மனிதர்…” என்று கணீரென்று வந்த குரல், அதே வேகத்தில் அடுத்ததையும் வாசித்துவிட்டது. “…சான்று தேவை.”

தையல் மெஷின்களின் சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

பிரியாணி சாப்பிட்ட நிருபர் பாவம், விக்கிப்பீடியாவைத் திறந்து, அந்த வரியை அடைப்புக்குறி சமேதமாக அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். சாமியப்பனுக்கு இந்த நுட்பம் எட்டவில்லை. அவர் முகம் வெளுத்த பனியன் மாதிரி ஆகிவிட்டது.

“பத்திரிகைக்காரனுமா கேக்கறான்?”

அவர் பையர்களுக்கான சோபாவில் மெதுவாக உட்கார்ந்தார்.

“அன்னைக்கு ஆரு அம்மிணி பில்லெல்லாம் பத்திரமா வெச்சா?” என்றார். பந்தியில் கேட்ட குரல் இல்லை அது. பிறகு எழுந்து, யாரையும் பார்க்காமல், “செரி, நீ எழுதிக்க” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். கூட்டமும் கலைந்தது.

அன்புசெல்வி மட்டும் நின்றார். இடது கையில் ஃபோன். அதில் அந்த ஊர்க் கட்டுரை, மாமனாரின் வரி, அதன் வாலில் அசையாமல் அந்த அடைப்புக்குறி. செக்கிங் மேசைக்குப் போய், துணியில் பழுது உள்ள இடத்தைக் காட்டுவதற்கு ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்துக்கொண்டு வந்தார். சட்டத்துக் கண்ணாடியில், ‘சான்று தேவை’ மட்டும் மறையும்படி பார்த்து ஒட்டி, ஓரம் தூக்காமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.