கான்ட்ராக்டர் வாசலில் ஆற்றுச் சேறு

என் தம்பி பொக்லைன் ஓட்டுகிறான். ஓட்டுகிறான் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அந்த இரும்புக் கையால் முட்டையை உடையாமல் எடுத்து வைப்பான். நானே முட்டை கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஊரில் அவனுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். பேசுகிற வேலையை எனக்கு விட்டுவிட்டான்.

எங்கள் ஆற்றைச் சுத்தம் செய்ய அரசாங்கம் மானியம் கொடுத்தது. சாயக்கழிவு படிந்து கறுத்த சேற்றை அள்ளி, ஊருக்கு வெளியே இருக்கும் பழைய கல்குழியில் கொட்ட வேண்டும். கான்ட்ராக்ட் எடுத்தவருக்கு ஆற்றையொட்டி மாடி வீடு. லாரிக்கு டீசல் போட மட்டும் கை வராது. "எதுக்குடா அவ்வளவு தூரம்? பக்கத்துல எங்க காலியா இருக்கோ அங்க கொட்டு" என்றார். காலி என்று அவர் காட்டியது எங்கள் தெருவுக்குப் பின்புறக் கரை. முதல் மழையில் பாதிச் சேறு ஆற்றுக்கே திரும்பியது. மீதி என் அடுப்படிக்குள் வந்தது.

அடுத்த வருஷமும் மானியம் வந்தது. மறுபடி அதே கரையில் மலை மாதிரி குவித்தார்கள். இரண்டு தடவையும் கொட்டியது என் தம்பிதான்.

"சொந்த அக்கா வீட்டுக்குள்ள சேத்தைத் தள்ளுற கை! நல்ல கைடா" என்று சோறு போடும்போதே குத்தினேன். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. காலையில் கான்ட்ராக்டர் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினேன். அவர் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்குக் கறுப்புச் சேறு.

"யாருடா இங்க கொட்டச் சொன்னது?"

"நீங்கதான் சார். பக்கத்துல காலியா இருந்துச்சு" என்றான் தம்பி.

"அள்ளுடா! கல்குழிக்குக் கொண்டு போ!"

"அவ்வளவு தூரமா? டீசல் ஆகுமே சார்."

அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் சேர்த்து நான் சிரித்தேன். கான்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உன் தம்பிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"என் அடுப்படிக்கு வந்தப்ப உங்களுக்கு நாறலையே. இன்னிக்கு மட்டும் மூக்கு வந்துடுச்சா?"

தம்பி பொக்லைன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். "முதல்ல எங்க தெருச் சேத்தை அள்ளணும். கடைசியா உங்க வாசல்."

லாரி டிரைவர்களும் எங்கள் தெருக்காரர்கள். அவர் எவ்வளவு மிரட்டியும் ஒருத்தரும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் தலையாட்டினார். அதிகாரி வந்து இறங்கியபோது லாரிகள் வரிசையாகக் கல்குழிக்குப் போய்க்கொண்டிருந்தன. வேலை ஒழுங்காக நடக்கிறது என்று கான்ட்ராக்டரின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

வாசல் சுத்தமான அன்றே தம்பிக்கு வேலை போனது. இப்போது வெளியூர்க் குவாரியில் ஓட்டுகிறான். மழையும் வந்து போனது. என் அடுப்படித் தரை காய்ந்தே இருக்கிறது.

போன வாரம் கடையில் கான்ட்ராக்டர் மனைவி என்னைப் பார்த்து முறைத்தார். "எவ்வளவு கழுவியும் வாசல்ல நாத்தம் போகல."

"ஒரு வருஷம் ஆகும்" என்றேன். "எங்களுக்கு ஆச்சு."