சாமி மரத்தில் விழுந்த வெயில்

சாமி மரத்தை வெட்டினேன். வெட்டினேன்தான். இன்றைக்கு அந்தப் பலாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் வெட்டுவேன்.

கொல்லிமலையில், அரியூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் எங்கள் காடு. பிள்ளைக்கு ஒரு மிளகுக்கொடி என்று அப்பா நட்டிருந்தார். தம்பியின் கொடி சில்வர் ஓக் மரத்தில். என்னுடையது எல்லைச்சாமிக்கு விட்ட பலாவில். கோடையில் எல்லா மரத்திலும் கிளை கழித்துக் கொடிக்கு வெளிச்சம் விடுவார்கள். சாமி மரத்தில் மட்டும் கத்தி படக்கூடாது. தம்பியின் கொடி சரஞ்சரமாய்க் காய்த்தது. என் கொடி நீண்டது, நீண்டுகொண்டே போனது, ஒரு சரம் விடவில்லை.

"பொட்டப்புள்ள பேருல நட்டா எலைதான் மிஞ்சும்" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. அப்பா மறுக்கவில்லை. அதைப் பிடுங்கிவிட்டு, வரும் மழைக்குத் தம்பி பேரில் வேறு கொடி வைப்பதென்று முடிவாயிற்று.

அந்த வாரம் பள்ளியில் டீச்சர், கருப்புக் காகிதம் சுற்றி வெயிலில் விட்டிருந்த செம்பருத்தி இலையைப் பறித்து, ஸ்பிரிட்டில் வேகவைத்து, அயோடின் சொட்டினார். வெயில் பட்ட இடமெல்லாம் கருநீலம். காகிதம் மூடிய பட்டை மட்டும் வெளிறிக் கிடந்தது. இலைதான் அடுப்பு, வெளிச்சம்தான் நெருப்பு. வேர் தந்த தண்ணீரையும் காற்றின் கரியமில வாயுவையும் போட்டுச் செடி தனக்குச் சோறு ஆக்குகிறது என்றார். அதற்குமேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. என் கொடி மலடில்லை. பட்டினி.

மறுநாள் கொடுவாளோடு பலாவில் ஏறினேன். முதல் கிளை விழுந்த சத்தத்துக்கு வீடே ஓடி வந்தது.

"எறங்கு கண்ணு, சாமி குத்தமாயிரும்" என்று அப்பா கெஞ்சினார்.

"சாமியும் இருட்டுலதானுங்க உக்காந்திருக்குது" என்று அடுத்த கிளையில் ஒரு வெட்டுப் போட்டேன்.

"பள்ளிக்கூடத்துல நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க" என்றாள் அத்தை.

அப்பா சாமிக்குத் தேங்காய் உடைத்து மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கவில்லை.

பிறகு என் கொடி கருகியது. நிழலிலேயே பிறந்த இலை திடீர் வெயிலைத் தாங்காது. அது கருப்புக் காகிதப் பாடத்தில் இல்லை. இலைகள் வெளுத்து, வெந்து, உதிர்ந்தன.

"சாமி காட்டிருச்சு பாத்தியா" என்றாள் அத்தை. அப்பா கொடுவாளை எடுத்தார்.

கொடியின் தூரில் அவர் குனிந்தபோது அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதீங்க. அது எம்புள்ள கொடி."

"தள்ளு" என்றார் அப்பா. அம்மா தள்ளவில்லை. அப்பாதான் திரும்பிப் போனார்.

மழை இறங்கியது. வெயிலிலேயே கண் திறந்த புது இலைகள் தடிப்பாக வந்தன. கணுவுக்குக் கணு சரம் தொங்கியது. நானும் டீச்சரும் ஜெயித்துவிட்டோம் என்று காடெல்லாம் கத்தித் திரிந்தேன்.

அம்மா அதற்கு முன்பு எதற்காகவும் அப்பாவை மறித்து நின்றதில்லை. அன்றைக்கு அந்த வெயிலிலும் அவள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.