ரஞ்சன்குடி மதிலில் பயந்தவர்

மாமாவுக்குப் பெண் பார்க்க ரஞ்சன்குடிக்குப் போனது 1996இல். எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன் பார்த்த இடங்கள் ஏதேதோ காரணங்களால் தட்டிப்போயிருந்தன. இதுவாவது அமைய வேண்டுமென்று பெரம்பலூரில் பஸ் ஏறியதிலிருந்தே அம்மா வேண்டிக்கொண்டு வந்தார். மாமாவுடன் அவருடைய சிநேகிதரும் வந்திருந்தார். பள்ளி நாளிலிருந்தே இருவரும் சேர்ந்து திரிந்தவர்கள்.

கேசரி, பஜ்ஜி ஆயிற்று. பெண்ணைப் பார்த்ததுமே மாமாவின் சம்மதம் முகத்தில் தெரிந்துவிட்டது. பெண் வீட்டார்தான் பிடி கொடுக்கவில்லை. பெண்ணின் அண்ணன் மாமாவின் மீசையைப் பார்த்துச் சிரித்தார்.

"மீசையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க வூட்டுக்கு மாப்பிள்ளையா வரணும்னா கோட்டை மதில்ல ஏறணும்ங்க. எங்க பெரிய மச்சானும் ஏறுனவருதான்."

"அவ்வளவுதானே, வாங்க" என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். சிநேகிதரும் நானும் பின்னாலேயே ஓடினோம்.

மாமா எனக்குச் சொல்லும் கதைகளில் ஒரு வீரனும் தோழனும் கோட்டை கோட்டையாக ஏறுவார்கள். வீரன் முன்னால் போவான். தோழன் வழுக்குவான், வீரன் எட்டிப் பிடிப்பான். ஆகவே எனக்குக் கவலையே இல்லை.

பெண்ணின் அண்ணன் மதிலின் கற்படிகளில் தாவித் தாவி உச்சிக்குப் போய்விட்டார். மாமாவும் அவர் பின்னால் நாங்களும் ஏறினோம். பாதியில் மாமா நின்றார். கீழே அகழி. கல்லைப் பற்றிய விரல்கள் நடுங்கின. சிநேகிதர் என்னைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கீழ பாக்காதடா. என்னயப் பாரு."

"என்னங்க, நின்னுட்டீங்க?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"எனக்குத் தலை சுத்துதுண்ணே!" என்று சிநேகிதர் கத்தினார். "இவன் கைய வுட்டா நேரா அகழிதான்!"

பிறகு அவர் ஒரு படி கீழே இறங்கி, மாமாவின் பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் வைத்து இறக்கினார். உச்சியிலிருந்து பார்த்தவருக்கு இருவர் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு இறங்குவது மட்டுமே தெரிந்திருக்கும்.

வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "இவர வூட்டுலயே வுட்டுட்டு வந்திருக்கலாமே மாப்பிள்ளை!" என்றார் பெண்ணின் அண்ணன்.

"எனக்கு மாடிப்படியே ஆவாதுண்ணே" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார் சிநேகிதர். நான் வாயைத் திறந்தேன். அதில் ஒரு பஜ்ஜியை வைத்து அடைத்தார்.

"கூட வந்தவனக் கைவிடாத ஆளு. நம்ம பொண்ணயும் விடமாட்டாரு" என்றார் பெண்ணின் அப்பா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா தலை நிமிரவில்லை. மாப்பிள்ளைக்கு வெட்கம் என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கதை கேட்டேன். மாமா தொடங்கினார். வீரன் மதிலில் ஏறினான். பாதியில் நடுங்கி நின்றான். தோழன்தான் அவனை இறக்கிக் கொண்டுவந்தான். பக்கத்தில் சிநேகிதர் கண்ணை மூடியிருந்தார்.

"ஆளை மாத்திச் சொல்றீங்க மாமா" என்றேன்.

மாமா முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறையும் நடுங்கியது வீரன்தான். மதிலில் நடந்தது எனக்குத் தெரியும். அதைப் போய் வீரன் கதையில் ஏன் சேர்க்கிறார் என்பதுதான் தெரியவில்லை.