இரைச்சலுக்கு ஒரு சுவிச்

திருத்திற தொழிலில இருக்கிற ஆக்களுக்குத் தெரியும்: கடைக்கு வாற சாமான் ஒண்டும் வெறுங்கையோட வாறேல்ல, "நாங்கள் ஒண்டும் செய்யேல்ல, சும்மா இருக்கேக்க நிண்டிட்டுது" எண்ட பொய்யையும் கூட்டிக்கொண்டுதான் வரும். எங்கட தீவில, பள்ளிமுனைக் கரையில வீட்டு முன்னறையில இருந்து பதினாறு வருசமா இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு ஈயப்புகை குடிக்கிறன். மீன் பாக்கிற மெஷின், ஜிபிஎஸ், ரிவி, ரைஸ் குக்கர், கோயில் மைக் எல்லாம் வரும். முக்கால்வாசிக்கு ஒரே வருத்தம்தான், உப்புக்காத்து. கடல் தாண்டி அக்கரையில அகதி முகாமில இருக்கேக்க ஆறு மாதம் பழகின தொழில் இது.

பழுதானதைத் திருத்த எனக்குத் தெரியும். இல்லாத ஒண்டைப் புதுசாச் செய்யத் தெரியாது. அப்பிடி ஒண்டைச் செய்யப் போய் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போறன். வீட்டில ஒரு பெட்டியைக் கழட்டிப் பூட்டேக்க ரெண்டு ஆணி மிஞ்சி முழிச்ச ஆக்கள் எல்லாம் கிட்ட வாங்கோ, நீங்கள் என்ர ஆக்கள்.

பார்சலில வந்த பெட்டி

சூசை அண்ணை எங்கட ஒழுங்கையில நாலு வீடு தள்ளி இருக்கிறவர். சங்கு குளிக்கிற மனிசன். ஆறு வருசத்துக்கு முன்னம் ஆழத்தில இருந்து அவசரமா மேல வந்ததில ரெண்டு காதும் அடிபட்டுப் போச்சு. கிட்ட நிண்டு கத்தினால் பாதி விளங்கும், மிச்சத்தை எங்கட வாயைப் பாத்துப் பிடிப்பார். காதில பூட்டிற மெஷினும் இருக்கு. அதைப் பூட்டினால் எல்லாச் சத்தமும் தகரத்தில கல்லெறிஞ்ச மாதிரி வருதாம், பூசைக்கு மட்டும் மரியாதைக்குப் போடுவார்.

கோயில் பாடகர் குழுவில இருபது வருசம் கிட்டார் வாசிச்சவர் அவர். காது போன பிறகும் வாசிச்சார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரின்ர சுருதி இறங்கிப் போய்க் கிடந்திருக்கு. பூசை முடியும் வரைக்கும் அவருக்கு அது தெரியேல்ல. ஆரும் ஒரு சொல்லுச் சொல்லேல்ல, ஆனா ஆக்களின்ர முகத்தைப் பாத்திட்டார். வீட்டுக்கு வந்து கிட்டாரைத் தூக்கி அலுமாரிக்கு மேல போட்டவர்தான், பேந்து தொடவேயில்லை. இது எனக்கு அவர்ர மனிசி சொல்லித் தெரியும்.

அந்த மனிசன் ஒரு நாள் பெரிய பார்சல் ஒண்டைத் தோளில வைச்சுக்கொண்டு வந்து என்ர மேசையில இறக்கினார். பிரான்சில இருக்கிற தம்பிக்காரன் அனுப்பினதாம். திறந்து பாத்தால் ஓட்டை போட்ட இரும்புத் தட்டு, குழந்தைப்பிள்ளை பாரத்தில ரெண்டு ட்ரான்ஸ்போமர், பஞ்சில சுத்தின கண்ணாடி வால்வு ஐஞ்சு, பை பையாச் சின்னச் சாமான், தடிச்ச புத்தகம் ஒண்டு. வால்வு கிட்டார் அம்ப்ளிபயர், நாங்களே பூட்ட வேணும். முந்தி கோயில்ல இருந்த வால்வுப் பெட்டியின்ர சத்தம் வயித்துக்குள்ள வரும், அதால இதுவும் தனக்குக் கேக்கும் எண்டது அவர்ர கணக்கு.

ஒழுங்கை முழுக்கக் கேக்கிற மாதிரிக் கத்தினன்: "அண்ணை, வால்வாலயும் காது திரும்பி வராது!"

என்ர வாயை வடிவாப் பாத்திட்டுச் சொன்னார்: "காது வேண்டாம் தங்கச்சி. என்ர கிட்டாரை நான் ஒருக்காக் கேக்கோணும், அவ்வளவுதான்."

செத்தும் கடிக்கிறது

வெட்கத்தை விட்டுச் சொல்லுறன், எனக்குப் பயம். நான் வழக்கமாத் தொடுறது ஐஞ்சு வோல்ட், பன்னிரண்டு வோல்ட். இந்தப் பெட்டிக்குள்ள ஓடுறது நானூறு. புத்தகத்தில பக்கத்துக்குப் பக்கம் மண்டையோடு கீறி வைச்சிருக்கினம். அதைப் பாக்கேக்கயெல்லாம் ஒரு சிலுவை போட்டுக்கொண்டுதான் அடுத்த பக்கத்தைத் தட்டினன்.

மூண்டு கிழமையில பூட்டி முடிச்சு, வால்வு போடாமல் கரண்ட் குடுத்து அளந்து பாத்திட்டு நிப்பாட்டினன். வயரையும் கழட்டினன். சோத்தைச் சாப்பிட்டு வந்து, எல்லாம் அடங்கியிருக்கும் எண்ட நினைப்பில ஸ்குறூ ட்ரைவரை உள்ளுக்கு விட்டன். படார்! நீலமா ஒரு பொறி. ட்ரைவர் நுனியில எள்ளளவு பள்ளம். வயர் சுவரிலயே இல்லை, பெட்டி தன்ர பாட்டில கரண்டைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு இருந்திருக்கு. கெப்பாசிட்டர் கரண்டைப் பிடிச்சு வைச்சிருக்கும் எண்டு படிச்சனான்தான், ஆனா கண்ணால பாத்த பிறகுதான் அதுக்கு மரியாதை வந்தது. அப்பிடியே கதிரையில இருந்திட்டன்.

சத்தம் கேட்டு எங்கட இவர் ஓடி வந்தார். முப்பது வருசம் கடலில நிண்ட மனிசன், சும்மா எதுக்கும் அசையமாட்டார். ட்ரைவரைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "கடல்கூட அடங்கினால் அடங்கினதுதான். உன்ர பெட்டி செத்தும் கடிக்குது" எண்டிட்டு, அண்டையில இருந்து அந்த மேசைக்குக் கிட்ட வாறதையே விட்டிட்டார்.

பல்ப் மங்க வேணும்

வால்வு போட்டு முதல் முதல் கரண்ட் குடுக்கேக்க ஒரு பழைய குண்டு பல்ப்பை இடையில போட வேணும். உள்ளுக்குப் பிழை இருந்தால் பல்ப் பளிச்செண்டு எரியும். பிழை இல்லையெண்டால் ஒருக்கா மின்னிப்போட்டு மங்கிப்போகும். இது எனக்குத் தெரியும், வாசலில நிண்ட சனத்துக்குத் தெரியாது. அயல் முழுக்க வந்திட்டுது, சூசை அண்ணைக்கு முன்னுக்கு இடம் விட்டிருந்தினம்.

சுவிச்சைப் போட்டன். பல்ப் மின்னிச்சு, மங்கிச்சு. வாசலில இருந்து "ச்சா..." எண்டு ஒரு சத்தம். பின்னுக்கு நிண்ட எங்கட இவர், "பரவாயில்லை, வேற பல்ப் வாங்கலாம்" எண்டு எனக்கு ஆறுதல் சொல்லுறார்! நான் ஜன்னல் கதவுகளைச் சாத்திப்போட்டு, "இப்ப பாருங்கோ" எண்டன்.

ஒவ்வொரு வால்வுக்குள்ளயும் ஒரு சின்னக் கம்பி சிவந்துகொண்டு வந்தது. முதல் மருதாணி நிறம், பேந்து செம்மஞ்சள். என்ர கையால ஈயம் வைச்சுப் பத்தவைச்ச முந்நூறு இணைப்புக்குள்ளால ஓடின கரண்ட் அது. ஆரோ மெல்லமா "மாதாவே" எண்டினம். தன்ர மீன் பாக்கிற மெஷினை எடுக்க வந்த எங்கட ஊர் வள்ளக்காரர் ஒருத்தர் கனநேரம் பாத்திட்டு என்னட்டக் கேட்டார்: "பிள்ளை, இதில மீன் எத்தினை பாகம் ஆழத்தில நிக்குதெண்டு காட்டுமோ?"

ம்ம்ம்ம்

ஸ்பீக்கர் பெட்டியை உயிலங்குளத்து ஆசாரியார் வேப்பம் பலகையில அடிச்சுத் தந்திருந்தார், ஒரு ஆள் ஏறி இருக்கக்கூடிய பலம். அண்டைக்கே வயரைக் குடுத்தன். கிட்டார் இன்னும் பூட்டேல்ல, அதுக்குள்ள பெட்டி "ம்ம்ம்ம்ம்" எண்டு இரையத் தொடங்கிச்சு. பல்லுக் கூசிற இரைச்சல். சனம் காதைப் பொத்திக்கொண்டு கலைஞ்சு போட்டுது. அதுக்குள்ள கிட்டாரைப் பூட்டி என்னத்தைக் கேக்கிறது? எனக்கு அழுகைதான் வந்தது.

போகாமல் நிண்டது சூசை அண்ணை மட்டும்தான். அறையில இருந்த ஒரேயொரு கதிரையில நான் இருந்தபடியால் அவர் ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல குந்தியிருந்தார். திடீரெண்டு தலையை நிமித்தி, ஜன்னல் பக்கம், பேந்து என்ர பக்கம் திரும்பினார். எனக்கிருந்த எரிச்சலில அவர் கேட்டதை அப்ப நான் கவனிக்கவேயில்லை: "ஆர்ர வள்ளம் தங்கச்சி வருது?"

எர்த் கம்பிக்குத் தண்ணி

ஒன்பது நாள்! அந்த இரைச்சலுக்குப் பின்னால ஒன்பது நாள் திரிஞ்சன். எங்கட தீவு மணலில எர்த் பிடிக்காது எண்டு நினைச்சு, வீட்டுக்குப் பின்னால ஆறடி செப்புக்கம்பி இறக்கி, காலையும் மாலையும் ஒரு வாளி உப்புத்தண்ணி ஊத்தினன். ஐஸ் கொண்டு வாற ஹனீபா நானா வேலிக்கு மேலால இதை ஒரு கிழமையாப் பாத்துக்கொண்டிருந்திட்டுச் சொன்னார்: "தென்னம்பிள்ளைக்கு ஊத்தியிருந்தாலும் நாலு வருசத்தில ஒரு தேங்காயாச்சும் தரும், பிள்ளை."

பத்தாம் நாள்தான் பிடிபட்டுது. ஒரு கெப்பாசிட்டரின்ர காலைப் பத்தவைச்ச இடம் வெளியில பளபளவெண்டு இருக்கு, உள்ளுக்கு ஒட்டேல்ல. தகட்டில கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம். ஊராக்களின்ர சாமானில பதினாறு வருசமா நான் கண்டுபிடிச்சுப் பேசிற அதே வருத்தம், என்ர சொந்த வேலையில! சுரண்டித் துடைச்சுத் திருப்பிப் பத்தவைச்சன். சுவிச்சைப் போட்டன். ஒரு சத்தமும் இல்லை. கடல் காத்துத்தான் கேட்டுது. எழும்பி நிண்டு கை தட்டினன், தனிய.

எல்லாருக்கும் கேட்டுது

அண்டைக்குப் பின்னேரமே ஆளனுப்பினன். சூசை அண்ணை அலுமாரிக்கு மேல கிடந்த கிட்டாரைத் தூசு துடைச்சுக் கொண்டு வந்தார். பாடகர் குழுவை நடத்திற றெஜினா ரீச்சரும் வந்தா. முதல் ஒருக்கா ரீச்சர் சுருதி கூட்டி வாசிக்கட்டும் எண்டு அவவிட்டத்தான் அண்ணை குடுத்தார்.

ரீச்சர் நரம்பில கையை இழுத்தா. எனக்கு அதை எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல. சூடான சத்தம் எண்டு ஒண்டு இருக்கு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். சுவரில கொழுவின கலண்டர் ஆடிச்சு. வாசலில நிண்ட ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். ரீச்சர் தன்ர விரலையே பாத்துக்கொண்டு நிண்டா, அது தன்ர விரல்தானோ எண்டு.

சூசை அண்ணை ஸ்பீக்கருக்கு முன்னால காது மெஷினைப் பூட்டிக்கொண்டு நிண்டார். எங்கட முகங்களை ஒவ்வொண்டாப் பாத்தார். அண்டைக்குக் கோயில்லயும் இப்பிடித்தான் பாத்திருப்பார். அவருக்கு வந்தது அதே தகரச் சத்தம்தான் எண்டு எனக்கு உடனே விளங்கீட்டுது. நாலு கிழமை வேலையும் வீண் எண்டு நினைச்சன். மனிசன் மெஷினைக் கழட்டிச் சட்டைப் பைக்குள்ள போட்டிட்டு, பிள்ளையிட்டக் கேக்கிற மாதிரி மெல்லமாக் கேட்டார்: "அண்டைக்கு வந்த வள்ளம் எங்க தங்கச்சி?"

முதுகால கேக்கிற மனிசன்

அண்டைக்கு ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல இருந்து அவர் கேட்ட வள்ளம் என்ர இரைச்சல்! ஆறு வருசத்தில அந்த மனிசன் ஒழுங்காக் கேட்ட ஒரே சத்தத்தை நான் ஒன்பது நாள் தேடிப் பிடிச்சுச் சாகடிச்சுப்போட்டன். "அது பிழை அண்ணை, நான் எடுத்திட்டன்" எண்டு கத்தினன். அவர் சிரிச்சார். கடலுக்கு அடியில நிக்கேக்க வள்ளம் வாறதைக் காதால அறியிறேல்லையாம், நெஞ்செலும்பும் முதுகெலும்பும்தான் முதல் சொல்லுமாம்.

பெட்டியை நிப்பாட்டி, கெப்பாசிட்டரை வடிவா அடக்கி, நானே பத்தவைச்ச அந்தக் காலை நானே கழட்டினன். "ம்ம்ம்ம்" எண்டு வந்திட்டுது. சனம் திருப்பியும் காதைப் பொத்திச்சு. சூசை அண்ணை பெட்டிக்கு மேல ஏறி இருந்து, கிட்டாரை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, ரீச்சர் கூட்டின சுருதியையெல்லாம் தளர்த்திப்போட்டு, தடிச்ச நரம்பைத் தட்டினார்.

ரெண்டு சத்தம் கிட்டக் கிட்ட வந்தால் ஒண்டோட ஒண்டு மோதி அலை மாதிரி ஆடும். சரியாப் பொருந்தினால் ஆட்டம் நிண்டிடும். எங்களுக்கு அது காதுக்கு, அவருக்கு முதுகுக்கு. கண்ணை மூடிக்கொண்டு முறுக்காணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பினார். "ஆடுது... ஆடுது... மெல்ல ஆடுது..." எண்டார். பேந்து அசையாமல் இருந்தார். "நிண்டிட்டுது" எண்டார். ரீச்சர் என்ர கையை இறுக்கிப் பிடிச்சா. அந்த நரம்பைப் பிடிச்சு மற்ற ஐஞ்சையும் கூட்டினார். ஒண்டும் பிசகேல்ல. பிறகு கோயில்ல காணிக்கை நேரம் வாசிக்கிற பாட்டை, இவ்வளவு வருசமாத் தொடாத பாட்டை, முதல் அடியில இருந்து கடைசி அடி வரைக்கும் வாசிச்சார். அவர்ர மனிசி சுவரோட சாஞ்சு நிண்டு அழுதா. நானும் அழுதன், ஏன் மறைப்பான்?

வாசிச்சு முடிச்சிட்டு "கேட்டனீங்களோ?" எண்டு அவர் கேக்கேல்ல. சொன்னது இதுதான்: "இனி நான் பிழையா வாசிச்சால், உங்களுக்கு முதல் எனக்குத் தெரியும்."

கோயில் சுருதி

இப்ப அவர் ஞாயிறு பூசைக்குப் பெட்டிக்கு மேல இருந்துதான் வாசிக்கிறார். சுருதி கூட்டேக்க மட்டும் இரைச்சலைப் போடுவார், பேந்து நிப்பாட்டிடுவார். ஒரேயொரு சிக்கல்தான் வந்தது: கரண்ட் கம்பியின்ர இரைச்சலுக்குக் கூட்டின கிட்டார், கோயில் கீபோர்ட்டை விட ஒரு மயிரளவு மேல நிக்கும். நான் பயந்து பயந்து றெஜினா ரீச்சரிட்டச் சொன்னன். அவ கீபோர்ட்டின்ர பட்டனை அமத்திக்கொண்டே சொன்னா: "சூசை அண்ணையை இறக்கேலாது ஜெசிந்தா. கீபோர்ட்டை ஏத்திறன்."

பதினாறு வருசத்தில எத்தினையோ பிழையைத் தேடிப் பிடிச்சுத் திருத்தியிருக்கிறன். ஒரு பிழையைப் பத்திரமா உள்ளுக்கு வைச்சு, அதுக்கொரு சுவிச்சும் பூட்டி, பக்கத்தில சிவப்பு மையால "வள்ளம்" எண்டு எழுதிக் குடுத்தது சூசை அண்ணைக்கு மட்டும்தான்.