பள்ளம் விழாத கூடு

2019 பிப்ரவரி 7, வியாழக்கிழமை, காலை ஏழு பத்து. அமீரகத்தின் அஜ்மானில் அடர்ந்த மூடுபனி. பழைய உலோக யார்டில் எடை எழுதும் எனக்கு எடைமேடையே சரியாகத் தெரியவில்லை. அன்று வந்த பதினோரு சாக்குகளிலும் கனரக இயந்திரத் துப்பாக்கியின் பித்தளைத் தோட்டாக் கூடுகள்.

அந்தத் தோட்டாவைப் பற்றிப் படித்திருக்கிறேன். டாங்கியின் இரும்பைத் துளைக்கப் பிறந்தது. இரும்பு தடித்ததும் அந்த வேலை போயிற்று. பிறகு இயந்திரத் துப்பாக்கியில் புகுந்து விமானங்களை விரட்டியது. விமானங்கள் உயரமும் வேகமும் கூட்டிக்கொண்டதும் அந்த மவுசும் குறைந்தது. கடைசியில் கிலோ கணக்கில் எங்களிடம் வந்து சேர்ந்தது.

சுட்ட கூட்டின் அடியில், நடுவே, ஊசி குத்திய பள்ளம் இருக்கும். பள்ளம் இல்லையென்றால் அது இன்னும் வெடிக்கவில்லை; முனைக் குண்டு கழன்றிருந்தாலும் உள்ளே மருந்து இருக்கலாம். வழக்கமாக வாய்க்குள் பார்த்தாலே காலியா என்று தெரியும். இவற்றை அனுப்பியவர்களோ சாக்கில் இடம் மிச்சம் பிடிக்க வாய்களைச் சுத்தியலால் நசுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியையும் தடவிப் பார்க்காமல் எங்கள் உருக்கு உலையில் போடக் கூடாது என்றேன்.

உலைக்காரர் குமரிக் கடற்கரைக்காரர். “அண்ணாச்சி, பித்தளைக்கு ஜாதகம் பாக்கப் போறியளா?” என்று சிரித்தார். உலை வாயருகே நிற்கப்போவது அவர்தான். வெடிக்காத ஒன்று உள்ளே போனால் முதலில் அடிபடுவதும் அவர்தான்.

ஆம்பூர்க்காரரான மேனேஜர் கத்தினார். “பெரியவரே, டைம் மாஃபி, நேரமில்ல! உலை சும்மா நின்னா யாரு காசு தர்றது?”

“என் சம்பளத்துல ஒரு நாளப் பிடிச்சுக்குங்க.”

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ஏழாவது சாக்கில் கட்டைவிரல் வழுக்கியது. பள்ளம் இல்லை. கூடும் கனத்தது. அதை மெல்ல மணலில் வைத்து, எல்லோரையும் வெளியேற்றிப் போலீஸை அழைத்தோம். வந்த நிபுணர் அதைப் பிரித்தபோது உள்ளங்கை நிறைய மருந்து கொட்டியதாம்.

நிபுணர் போனதும் உலைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். “அண்ணாச்சி, அந்த ஜாதகத்த இனி தெனமும் பாருங்க.”

மிச்சமிருந்த நான்கு சாக்குகளையும் பார்த்து முடித்துத்தான் எழுந்தேன். அன்று முதல் என் கட்டைவிரல் படாத கூடு எதுவும் அந்த உலைக்குள் போனதில்லை.

சம்பள நாளில் மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உசுரக் காப்பாத்திட்டீங்க. ஆனா பெரியவரே, பேச்சு பேச்சுதான்.” வாழ்க்கையில் முதல் முறையாகச் சம்பளக் குறைவுக்குச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பிடித்தது நூற்றிருபது திர்ஹாம்.