தங்கமணி ஏற்றிய கற்பூரம்

சினிமாவில் முதலில் பேர் ஓடவிடுவது எதற்கு? நம்மாட்களைக் கேட்டால், முறுக்கு வாங்கிக்கொண்டு சாவகாசமாக வந்து சீட்டுப் பிடிப்பதற்கு என்பார்கள். கச்சிராயபாளையத்துத் தங்கமணிக்கு அப்படியில்லை. அவள் புருஷன் சடையன் சென்னையில் சினிமா லைட்மேன். ஊருக்கு வந்தால், கரும்பு வெட்டிக் களைத்துக் கிடப்பவளையும் விடாமல் கள்ளக்குறிச்சித் தியேட்டருக்கு இழுத்துப்போவான்.

"பேரு போடறத வுட்டுட்டா அப்புறம் இன்னா படம்? எத்தினி பேரு ஒழைச்சிருக்காங்க, அத்தப் பாரு முதல்ல" என்பான். எழுத்துத் தெரியாவிட்டாலும் அவளும் பார்ப்பாள். அவன் பேர் ஒரு படத்திலும் வந்ததில்லை.

போன வருஷம் படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழுந்து செத்தான். சட்டைப்பையிலிருந்த போனும் சுக்குநூறு. கம்பெனி ஆள் ஒருவன் வந்து, "படத்தோட ஆரம்பத்துலயே அண்ணன் போட்டோ வரும்மா" என்று வீட்டிலிருந்த ஒரே போட்டோவை வாங்கிப்போனான். திருப்பித் தரவேயில்லை, பாவி. ஆதார் அட்டையில் இருக்கிற முகமோ பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. புருஷன் முகம் நாளுக்கு நாள் மனசில் மங்கிக்கொண்டே போனது. தங்கமணி பயந்துபோனாள். திரையில் ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும் என்று காத்துக்கிடந்தாள்.

படம் வந்த அன்று பக்கத்து வீட்டுத் தைலம்மாளோடு முதல் ஆட்டத்துக்குப் போனாள். செத்தவர் போட்டோவுக்குக் கற்பூரம் காட்டாமல் இருப்பதா? கற்பூரமும் தீப்பெட்டியும் மடியில் முடிந்து, ஒரு சின்னத் தட்டும் எடுத்துப்போயிருந்தாள். விளக்கு அணைந்ததும் திரையில் எழுத்து வந்தது. "லைட்மேன் சடையன் நினைவாக" என்று பின்சீட்டில் யாரோ வாசித்தார்கள். அவ்வளவுதான், தங்கமணி குனிந்து தீக்குச்சியைக் கிழித்தாள். ஃபேன் காற்று அணைத்தது. தைலம்மாளும் குனிந்து முந்தானையால் மறைத்துக்கொண்டாள். ஒருவழியாகப் பற்றிக்கொண்டதும் நிமிர்ந்தால், ஹீரோ பேர் ஓடிக்கொண்டிருக்கிறது! தியேட்டரே விசிலடித்தது.

"அக்காவப் பாருங்கடா! இதான்டா ரசிகை!" என்று பையன்கள் அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி ஹீரோவுக்குச் சுற்றி ஆடினார்கள்.

கரும்பு வெட்டு முடிந்து மறுவாரம் இருவரும் திரும்பப் போனார்கள். படத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

பஸ்ஸில் வரும்போது தங்கமணி கேட்டாள்: "நீயாச்சும் பாத்தியாடி? எப்டி இருந்தாரு?"

தைலம்மாள் சட்டென்று சொன்னாள்: "பாக்காம இன்னா? நல்லா சிரிச்சிக்கினு இருந்தாருடி."

தங்கமணி அவள் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். அந்தப் போட்டோவில் சடையன் சிரிக்கவில்லை.